குறைந்த செலவில் ஜாம்பி: மாணவர் குறும்படத்துக்கான மேக்கப், உடை – முழுமையான வழிகாட்டி

மாணவர் படங்களில் ஜாம்பி சொதப்புவதற்குப் பணப் பற்றாக்குறை காரணமாக இருப்பது குறைவு. பெரும்பாலும் வேலையின் வரிசைதான் காரணம். ரத்தத்தை ஊற்றிய பிறகு பவுடர் போடுவார்கள். முகத்தை முழுவதும் முடித்த பிறகு தலை வழியாக டீ-ஷர்ட்டை மாட்டுவார்கள். ஒட்டிய காயம் டீ-ஷர்ட்டோடு போய்விடும். புதிதாகச் செய்கிறவர்கள் அதே இடங்களில் தடுக்கி விழுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அதனால் எதை எப்போது செய்ய வேண்டும், ஏன் அப்படி என்பதை முன்னால் வைத்தே இதை எழுதுகிறேன்.

படப்பிடிப்புக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குவது நல்லது. ஒரு வாரம் இருந்தாலும் சமாளிக்கலாம். முந்தின நாள் இரவு தொடங்கினால் முடியாது. தோல் சோதனைக்கும் உடை காய்வதற்கும் நேரம் வேண்டும்.

1. ஷாட் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்

எதையும் வாங்குவதற்கு முன்னால் இயக்குநரோடும் ஒளிப்பதிவாளரோடும் உட்கார்ந்து ஒரு கேள்விக்குப் பதில் வாங்குங்கள்: எந்த ஜாம்பி கேமராவுக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது?

அந்தப் பதிலை வைத்து எல்லோரையும் மூன்று வகையாகப் பிரியுங்கள். குளோஸப்பில் வருகிறவர்கள் முதல் வகை. இவர்களுக்கு ஒட்டுக்காயம் (தோலில் ஒட்டவைக்கும் போலிக் காயம்), பல், கை எல்லாம் வேண்டும். ஆளுக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். இடுப்பளவு ஷாட்டில் வருகிறவர்கள் இரண்டாம் வகை. வண்ணமும் சின்னதாக ஒரு காயமும் போதும், 20 நிமிடம். தூரத்தில் கூட்டமாக நடக்கிறவர்கள் மூன்றாம் வகை. கண்ணைச் சுற்றி இருட்டு, கன்னத்தில் குழி, உடையில் அழுக்கு, அவ்வளவுதான். 7 நிமிடத்தில் முடிக்கலாம்.

பிரிக்காமல் விட்டால், முதலில் வந்து உட்கார்ந்தவருக்கு அருமையான காயம் கிடைக்கும், ஆனால் படத்தில் அவர் வேலிக்குப் பின்னால் அரை விநாடிதான் தெரிவார். குளோஸப்பில் வர வேண்டியவருக்கு நேரமும் பொருளும் மிஞ்சாது.

கூட்டத்துக்கு ஆள் போதவில்லை என்றால் மூன்றாம் வகை ஆட்களையே சட்டை மாற்றி, முடியைக் கலைத்து, வேறு பக்கத்திலிருந்து மறுபடி நடக்க விடலாம். தூரத்தில் பார்வையாளருக்குத் தெரிவது உடையின் நிறமும் நடையும்தான், முகம் அல்ல.

2. ஒவ்வொருவரும் எப்படிச் செத்தார் என்று எழுதுங்கள்

ஒருவருக்கு மூன்று வரி போதும். உயிரோடு இருந்தபோது என்ன வேலை செய்தார், எங்கே கடிபட்டார், செத்து எவ்வளவு நாள் ஆகிறது. இது கதைக்காக மட்டும் அல்ல. என்ன நிறம், எந்த உடை, ரத்தம் எங்கே என்று பிறகு வரும் எல்லாக் கேள்விகளுக்கும் இந்த மூன்று வரிதான் பதில் சொல்லும்.

செத்துச் சில மணி நேரமே ஆனவருக்கு வெளிறிய தோலும் சிவந்த, ஈரமான ரத்தமும் பொருந்தும். சில நாள் ஆனவருக்குப் பச்சையும் ஊதாவும் திட்டுத்திட்டாக ஏற வேண்டும். ரத்தம் காய்ந்து பழுப்பாகியிருக்க வேண்டும். ரொம்ப நாள் ஆனவருக்குத் தோல் உலர்ந்து, குழி விழுந்து, பழுப்பும் கறுப்புமாக இருக்கும்; காயத்தில் ஈரமே இருக்காது.

புதியவர்கள் இந்த மூன்றையும் ஒரே முகத்தில் கலந்துவிடுகிறார்கள். உலர்ந்து சுருங்கிய தோலில் பளபளவென்று சிவப்பு ரத்தம் வழியும். எங்கோ இடிக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரியும், காரணம் சொல்லத் தெரியாது. பழைய ஜாம்பி மேல் புது ரத்தம் வர ஒரே ஒரு நியாயம் உண்டு: அவர் இப்போதுதான் யாரையோ கடித்திருக்கிறார். அப்படியானால் ரத்தம் வாயைச் சுற்றியும் தாடையிலும் கைகளிலும் இருக்கட்டும், நெற்றியில் வேண்டாம்.

3. தோல் சோதனையும் தவிர்க்க வேண்டியவையும்

முகத்தில் படப்போகும் ஒவ்வொரு பொருளையும் நடிகரின் முழங்கையின் உட்பக்கத்தில் சிறிதளவு தடவி 24 மணி நேரம் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அந்தப் பொருள் அவருக்கு வேண்டாம்.

ஒட்டுக்காயம் செய்யப் பயன்படும் லிக்விட் லேடெக்ஸில் கூடுதல் கவனம் வேண்டும். அது இயற்கை ரப்பர் பால். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்தாகவே முடியலாம். பலூனோ ரப்பர் கையுறையோ பட்டால் தடிக்கிறதா என்று எல்லோரிடமும் முன்கூட்டியே கேளுங்கள். ஆம் என்று சொன்னவருக்குச் சோதனைகூடச் செய்ய வேண்டாம், காயத்துக்கு நேராக ஜெலட்டினுக்குப் போய்விடுங்கள் (செய்முறை 9-ம் பகுதியில்). லேடெக்ஸ் கெடாமலிருக்கப் பெரும்பாலும் அம்மோனியா சேர்த்திருப்பார்கள். அதன் ஆவி கண்ணை எரிக்கும். கண்ணுக்கு அருகே போடாதீர்கள், போடும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

மலிவு என்பதற்காகச் சிலவற்றைத் தோலில் போடவே கூடாது. சுவருக்கும் கேன்வாஸுக்கும் ஆன அக்ரிலிக் பெயின்ட், சூப்பர் குளூ, கைவினை மினுக்குத் தூள் ஆகியவை அந்தப் பட்டியலில் வரும். பல்லில் நெயில் பாலிஷ் கூடாது.

வெள்ளைக் கண் லென்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். கண் மருத்துவர் அளவு பார்த்துக் கொடுக்காத லென்ஸ் கருவிழியைக் கீறிப் புண்ணாக்கலாம். ஒரு ஜோடியை இருவர் மாற்றி மாற்றிப் போட்டால் கிருமியும் கூடவே போகும். குறைந்த செலவுப் படத்தில் அதை விட்டுவிடுங்கள். கண்ணைச் சுற்றிச் சிவப்பும் ஊதாவும் சரியாக விழுந்தாலே பார்வை செத்துப்போனதுபோல் தெரியும். மிச்சத்தை எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம்.

4. எதற்குச் செலவு செய்வது

பணத்தை இந்த வரிசையில் செலவிடுங்கள். முதலில் ஒரு கிரீம் வண்ணத் தட்டு: வெள்ளை, மஞ்சள், பச்சை, ஊதா, அடர்சிவப்பு, பழுப்பு, கறுப்பு இருந்தால் போதும். அடுத்தது நிறமில்லாத ஃபேஸ் பவுடர். பிறகு ஒரு சின்ன பாட்டில் லிக்விட் லேடெக்ஸ். அப்புறம் தூக்கிப்போடக்கூடிய ஸ்பாஞ்சுகள், நிறைய.

தண்ணீரில் கரையும் முகவண்ணம் மலிவாகக் கிடைக்கும். வியர்வை வந்தால் அது வழியும் என்பதை மறக்காதீர்கள். ஒரே ஷாட்டில் வந்துபோகும் மூன்றாம் வகைக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

பழைய ஐ ஷேடோ, காபித் தூள், கோகோ தூள், சோள மாவு, ஓட்ஸ், ஃபுட் கலர், டிஷ்யூ பேப்பர், வாஸ்லின், பேபி ஆயில் இவையெல்லாம் படக்குழுவினர் வீட்டிலேயே கிடைத்துவிடும். குழுவில் ஒரு பட்டியலை அனுப்பி, யாரிடம் எது இருக்கிறது என்று கேட்ட பிறகே கடைக்குப் போங்கள். ஆயத்த ஜாம்பி கிட், ரப்பர் முகமூடி எதுவும் தேவையில்லை. முகமூடி போட்டவரின் வாய் அசையாது. குளோஸப்பில் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

5. உடையை முதலில் முடியுங்கள்

முகத்துக்கு முன்னால் உடை வர இரண்டு காரணங்கள். துவைக்கவும் சாயம் ஏறவும் காயவும் நாள் பிடிக்கும். அதோடு, லாங் ஷாட்டில் பார்வையாளர் பார்ப்பதில் முக்கால்வாசி துணிதான். உடை சரியாக இருந்தால் முகத்தில் பாதி வேலை குறையும்.

பழைய துணியைத் தேடும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, முன்பக்கம் பட்டன் உள்ள சட்டையாக இருக்கட்டும். மேக்கப்பைத் தொடாமல் கழற்ற அதுதான் வழி. இரண்டு, நடிகரின் அளவைவிட ஒன்றிரண்டு அளவு பெரிதாக இருக்கட்டும். தொளதொளவென்று தொங்கினால் உள்ளே உடம்பு வற்றிப்போனதாகத் தெரியும். மூன்று, பருத்தியாக இருந்தால் நல்லது. டீ, காபிச் சாயத்தைப் பருத்தி வாங்கிக்கொள்ளும். பாலியெஸ்டர் வாங்காது, அதில் அக்ரிலிக் பெயின்ட்டைத் தண்ணீரில் கரைத்துத்தான் அழுக்கேற்ற வேண்டும்.

புதுத் துணி என்றால் கஞ்சி போகும்வரை இரண்டு மூன்று முறை துவையுங்கள். மொடமொடப்பு இருந்தால் எவ்வளவு அழுக்கு ஏற்றினாலும் புதுசு என்று தெரிந்துவிடும்.

அடுத்து, உடையை நடிகருக்கு மாட்டி நிற்க வைத்துச் சாக்பீஸால் குறியிடுங்கள். முழங்கை, முழங்கால், காலர், சட்டைக் கைநுனி, பேன்ட்டின் கால் விளிம்பு, பாக்கெட் வாய் இந்த இடங்கள்தான் இயல்பாகத் தேயும். கடிபட்ட இடத்தையும் அப்போதே குறியுங்கள். துணியை மேசையில் விரித்துக் குத்துமதிப்பாகக் கிழித்தால், கிழிசல் ஒரு இடத்திலும் தோலில் காயம் வேறு இடத்திலும் வந்து நிற்கும்.

உடையைக் கழற்றிய பிறகு, குறித்த இடங்களை உப்புத்தாளாலோ காய்த் துருவியாலோ கம்பி பிரஷாலோ நூல் வெளியே வரும்வரை தேயுங்கள். அதன்பின் கத்தரியால் அரை அங்குலம் மட்டும் வெட்டி, மீதியைக் கையால் கிழியுங்கள். கத்தரி போன வழி நேர்கோடாக இருக்கும். அதைப் பார்த்ததும் யாரோ வெட்டியது என்று தெரியும். கையால் கிழித்தால் நூல் பிரிந்து தொங்கும்.

இனி நிறம். கடுமையான டீ டிகாஷனில் அரை மணி நேரம் ஊறவைத்து, சுருட்டிக் கசக்கி, விரிக்காமல் அப்படியே காயவிடுங்கள். சுருக்கங்களில் சாயம் அதிகமாகத் தங்கும். காய்ந்ததும் பழுப்பும் கறுப்பும் கலந்த நீர்த்த அக்ரிலிக்கை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றிக் கால் விளிம்பிலும் அக்குளிலும் முதுகிலும் அடியுங்கள். அழுக்கு எப்போதும் கீழே அதிகமாகவும் மேலே குறைவாகவும் இருக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே அளவு இருந்தால் அது சாயம் போட்ட துணிதான், அழுக்குத் துணி அல்ல.

நிறத்தை மங்கவைக்கப் பிளீச் பயன்படுத்துவதாக இருந்தால் தண்ணீர் கலந்து, கையுறை போட்டு, வெட்டவெளியில் செய்யுங்கள். அம்மோனியா, வினிகர், கழிப்பறை ஆசிட் எதோடும் பிளீச்சைக் கலக்கக் கூடாது. நச்சு வாயு வரும். வேண்டிய நிறம் வந்ததும் நன்றாக அலசிக் காயவைத்த பிறகே மற்ற வேலை.

காய்ந்த ரத்தக் கறைக்குச் சர்க்கரைப் பாகு ரத்தம் வேண்டாம். அடர்சிவப்பும் பழுப்பும் கலந்த அக்ரிலிக்கால் கறையைத் துணியில் நிரந்தரமாகவே போட்டுவிடுங்கள். ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் அதே வடிவில் இருக்கும், ஒட்டாது, ஈ எறும்பும் வராது. ஈரமாகத் தெரிய வேண்டிய ஷாட்டில் மட்டும் அதன் மேல் பாகு ரத்தத்தைத் தொட்டு வையுங்கள்.

கறை போகும் திசையையும் யோசியுங்கள். கழுத்தில் கடிபட்டவர் நின்றுகொண்டிருந்தால் ரத்தம் காலர் வழியாக நெஞ்சுக்கு இறங்கும். மல்லாந்து விழுந்திருந்தால் முதுகுக்கும் பின்தலைக்கும் போகும். வெறுமனே சட்டை முழுக்கத் தெளிப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

காலணி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஒரு காலில் மட்டும் ஷூ என்பது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் காலை இழுத்து இழுத்து நடக்கப் போகிறவருக்குத் தரையில் கண்ணாடித் துண்டும் ஆணியும் இருக்கிறதா என்று யாராவது முன்னாடியே பார்த்திருக்க வேண்டும்.

6. ரத்தத்தை இரண்டு பாட்டிலாகச் செய்யுங்கள்

வாய்க்கு ஒன்று, வெளியே ஒன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்கப் பாட்டில் மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

வாய்க்கானது: ஒரு கப் கார்ன் சிரப், கால் கப் தண்ணீர், இரண்டு டீஸ்பூன் சிவப்பு ஃபுட் கலர், ஒரு டேபிள்ஸ்பூன் கோகோ தூள், ஒரு சொட்டு நீல ஃபுட் கலர். கோகோவை முதலில் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டுத்தான் சிரப்பில் சேர்க்க வேண்டும். நேராகப் போட்டால் உருண்டை உருண்டையாக மிதக்கும். கோகோ இல்லாவிட்டால் ரத்தம் சர்பத் மாதிரி ஊடுருவித் தெரியும். நீலம் சேர்க்காவிட்டால் ஆரஞ்சு பக்கம் சாயும். எல்லாமே சாப்பிடக்கூடிய பொருளாக இருக்க வேண்டும் என்பது இந்தப் பாட்டிலின் ஒரே விதி.

கார்ன் சிரப் இல்லையென்றால் கெட்டியான சர்க்கரைப் பாகும் உதவும். காயும்போது அது படிகமாக உறையும் என்பதால் அன்றைக்குச் செய்து அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

வெளிப்பூச்சுக்கானது அதே கலவைதான், கூடவே சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். துணியிலிருந்தும் தோலிலிருந்தும் கறை சுலபமாகப் போக அது உதவும். அதனாலேயே இது வாய்க்குப் போகக் கூடாது. கண்ணுக்குப் பக்கத்திலும் வேண்டாம். ஃபுட் கலர் சுவரிலும் சிமென்ட் தரையிலும் பிடித்துக்கொள்ளும். இடம் கொடுத்தவரிடம் சொல்லி, மூலையில் ஒரு சொட்டு விட்டுத் துடைத்துப் பார்த்த பிறகு பயன்படுத்துங்கள். தரையில் சிந்தினால் வழுக்கும் என்பதால் ஓடும் காட்சிக்கு முன் துடைத்துவிட வேண்டும்.

7. ஒரு முகத்தைக் கேமராவில் பார்த்துவிடுங்கள்

படப்பிடிப்புக்கு மூன்று நான்கு நாள் முன்பு, ஒரே ஒரு முதல் வகை ஜாம்பிக்கு முழு மேக்கப் போட்டு, படத்தில் பயன்படுத்தப் போகும் அதே கேமராவில், அதே விளக்கில் எடுத்துப் பாருங்கள். பட்ஜெட் குறைவு என்று சொல்கிறவர்கள் முதலில் வெட்டுவது இந்த நாளைத்தான். பொருளை வீணாக்காமல் காப்பாற்றுவதும் இதே நாள்தான்.

கண்ணாடியில் பயங்கரமாகத் தெரிவது கேமராவில் காணாமல் போகலாம். முக்கியமாக, இரவுக் காட்சிக்கு நீல விளக்கு வைத்தால் சிவப்பு கறுப்பாகத் தெரியும். அடர்சிவப்பு ரத்தம் தார் ஊற்றியதுபோல் ஆகிவிடும். அப்படியான காட்சிக்குக் கோகோவைக் குறைத்து ரத்தத்தைப் பளிச்சென்று செய்ய வேண்டும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் நீங்கள் போட்ட மஞ்சள் திட்டுகள் மறைந்துபோகும்.

ஆட்டோ ஒயிட் பேலன்ஸை (கேமரா தானாகவே நிறத்தைச் சரிசெய்யும் வசதி) அணைத்துக் கையால் அமைக்கச் சொல்லுங்கள். முகம் ஃபிரேமை நிறைக்கும்போது கேமரா தானாகப் பச்சையைச் சரிசெய்யப் பார்க்கும். ஷாட்டுக்கு ஷாட் ஜாம்பியின் நிறம் மாறும்.

8. நேரக் கணக்கு

12 ஜாம்பிகள், மேக்கப் போட இரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். முதல் வகை 2 பேருக்கு 120 நிமிடம், இரண்டாம் வகை 4 பேருக்கு 80, மூன்றாம் வகை 6 பேருக்கு 42. மொத்தம் 242. ஆள் மாறவும் கை கழுவவும் தலைக்கு 5 நிமிடம், அது 60. ஆக 302 நிமிடம்; இரண்டு பேர் பகிர்ந்தால் இரண்டரை மணி நேரம். 9 மணிக்கு எல்லோரும் தயாராக இருக்க வேண்டுமென்றால் 6.30-க்கு முதல் ஆள் நாற்காலியில் இருக்க வேண்டும்.

முடிந்தால் கூட்டக் காட்சியை முதலில் எடுக்கும்படி உதவி இயக்குநரிடம் கேளுங்கள். மூன்றாம் வகை ஆறு பேரை இருவரும் சேர்ந்து 36 நிமிடத்தில் அனுப்பிவிடலாம். அவர்களை வைத்துப் படம் எடுக்கும் நேரத்தில் குளோஸப் முகங்கள் தயாராகும். ஒட்டுக்காயம் போட்டவரைக் காலையிலேயே முடித்துவிட்டு மதியம்வரை உட்கார வைத்தால், வியர்த்து ஓரங்கள் கிளம்பிவிடும்.

9. முகம்: இந்த வரிசையை மாற்றாதீர்கள்

முதலில் உடையை மாட்டுங்கள். மேலே ஒரு பழைய துண்டையோ சட்டையையோ போர்த்திக்கொள்ளட்டும்.

சுத்தம். முகத்தைச் சோப்பால் கழுவி நன்றாகத் துடைக்கச் சொல்லுங்கள். கிரீமோ எண்ணெயோ இருந்தால் லேடெக்ஸ் ஒட்டாது. காயத்துக்குப் பக்கத்தில் புருவமோ முடியோ இருந்தால் அதன் மேல் மட்டும் வாஸ்லினைத் தடிமனாகத் தடவுங்கள். இல்லையென்றால் கழற்றும்போது முடியும் சேர்ந்து வரும். தாடி மேல் லேடெக்ஸ் போடவே வேண்டாம். மழிக்க வேண்டியவர் முந்தின நாளே மழித்துவிட்டு வரட்டும். மழித்த உடனே போட்டால் தோல் எரியும்.

காயம். ஸ்பாஞ்ச் துண்டால் லேடெக்ஸை மெல்லிசாகத் தடவுங்கள். நல்ல பிரஷை இதில் முக்காதீர்கள், திரும்பக் கிடைக்காது. ஒற்றை அடுக்காகப் பிரித்த டிஷ்யூவைக் கையால் கிழித்து அதன் மேல் வைத்து, மறுபடி லேடெக்ஸ். வெட்டிய டிஷ்யூவின் விளிம்பு கோடாகத் தெரியும், கிழித்தது தோலோடு கலந்துவிடும். நடுவில் மூன்று நான்கு அடுக்கு, ஓரத்தில் ஒன்று என்று தடிமன் குறைந்துகொண்டே போகட்டும். ஒவ்வொரு அடுக்கும் காய வேண்டும். பால் வெள்ளை போய்க் கண்ணாடி போலத் தெளிந்தால் காய்ந்தது என்று அர்த்தம். ஹேர் டிரையர் வைத்தால் குளிர்காற்றில் மட்டும். அவசரத்தில் ஈரத்தின் மேலேயே அடுத்த அடுக்கைப் போடுவதுதான் காயம் உரிந்து வரப் பெரிய காரணம்.

காய்ந்ததும் உடனே பவுடர் போடுங்கள். காய்ந்த லேடெக்ஸ் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். கன்னம் மடிந்தால் காயமும் மடிந்து ஒட்டிவிடும். பிறகு நடுப்பகுதியை விரலால் கிள்ளித் தூக்கி, நுனி மழுங்கிய கத்தரியால் சின்னதாக வெட்டி, மீதியைக் கிழித்துத் திறங்கள். கத்தரியின் முனை எப்போதும் தோலுக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். சொறசொறப்பான புண் வேண்டுமென்றால் கடைசி அடுக்கு ஈரமாக இருக்கும்போதே நொறுக்கிய ஓட்ஸைத் தூவுங்கள்.

ரப்பர் ஒவ்வாதவர்களுக்கு ஜெலட்டின். சுவையில்லாத ஜெலட்டின் தூள், தண்ணீர், கிளிசரின் மூன்றும் சம அளவு. முதலில் தூளைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, கிளிசரின் சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து இளக்குங்கள். சூடான ஜெலட்டின் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். அதனால் உங்கள் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, வெதுவெதுப்பாக இருந்தால் மட்டும் நடிகர் மேல் வையுங்கள். வெயிலிலும் வியர்வையிலும் இது இளகிவிடும். வெளிப்புறப் பகல் காட்சி என்றால் சின்னக் காயங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. விலங்குப் பொருளிலிருந்து வருவது என்பதையும் நடிகரிடம் சொல்லிவிடுங்கள்.

அடித்தளம். செத்த முகம் என்றால் வெள்ளை என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. வெறும் வெள்ளையைப் பூசினால் கோமாளி முகம்தான் வரும். மாநிறமோ கறுப்போ ஆன தோலில் அது சாம்பல் பூசியதுபோல் மேலே தனியாக நிற்கும். நாம் செய்ய வேண்டியது தோலை வெளுப்பது அல்ல, அதிலிருக்கும் சிவப்பை எடுப்பது. சிவப்பை அடக்குவது பச்சை. நடிகரின் தோல் நிறத்திலேயே ஒரு ஃபவுண்டேஷனை எடுத்து, அதில் சிறிது பச்சையும் மஞ்சளும் கலந்து, ஸ்பாஞ்சால் மிக மெல்லிசாகத் தட்டிப் பரப்புங்கள். வெளிர்நிறத் தோலுக்குக் கொஞ்சம் வெள்ளையும் சேர்க்கலாம். உதட்டையும் இதே நிறத்தால் மூடுங்கள். உதடு சிவந்திருந்தால் ஆள் உயிரோடுதான் இருக்கிறார். காது, காதின் பின்புறம், கழுத்து, முடி தொடங்கும் கோடு எதையும் விடாதீர்கள்.

குழிகள். எலும்பை விரலால் அழுத்தித் தேடுங்கள். கண்குழியின் விளிம்பு, நெற்றிப் பொட்டு, கன்ன எலும்புக்குக் கீழே, மூக்கின் இரு பக்கம் எங்கெல்லாம் விரல் உள்ளே போகிறதோ அங்கெல்லாம் ஊதாவும் பழுப்பும் கலந்து போட்டு ஓரத்தைத் தேய்த்துவிடுங்கள். கறுப்பை மட்டும் பயன்படுத்தினால் ஓட்டை வரைந்ததுபோல் இருக்கும். கண்ணுக்குக் கீழே கொஞ்சம் சிவப்பு கலந்தால் நோய் முகம் வரும். எலும்பு துருத்தும் இடங்களில் வெளிறிய மஞ்சளை லேசாகத் தட்டினால் குழி இன்னும் ஆழமாகத் தெரியும்.

திட்டுகள், நரம்புகள். ஸ்பாஞ்சின் ஒரு முனையைப் பிய்த்துப் பிய்த்து ஒழுங்கற்றதாக்கி, பச்சை, ஊதா, பழுப்பு என ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு வையுங்கள், தேய்க்காதீர்கள். உயிருள்ள தோலே ஒரே நிறமாக இருப்பதில்லை, அழுகும் தோல் எப்படி இருக்கும்? நரம்புக்கு மெல்லிய பிரஷில் நீலமும் ஊதாவும் கலந்து, கை நடுங்க நடுங்க வளைத்து இழுத்து, விரலால் ஒரு முறை தட்டி மங்கவையுங்கள். நெற்றிப் பொட்டிலும் கழுத்திலும் இரண்டு மூன்று போதும். முகம் முழுக்க வரைந்தால் வரைபடம் ஆகிவிடும்.

பவுடர். கிரீம் வேலை எல்லாம் முடிந்த பிறகு, ரத்தத்துக்கு முன்னால். பஃப்பால் அழுத்தி வைத்து, மிச்சத்தை மெல்லத் தட்டிவிடுங்கள். இதைத் தவறவிட்டால் முதல் அரை மணி நேரத்தில் நிறமெல்லாம் சட்டைக் காலருக்குப் போய்விடும்.

கடைசியாகக் காயத்தின் உட்புறமும் ரத்தமும். மிக ஆழமான இடத்தில் கறுப்பும் ஊதாவும், அடுத்து அடர்சிவப்பு, விளிம்பில் வெளிர்சிவப்பு, வெளியே சுற்றி மஞ்சளும் ஊதாவுமாகக் கன்றிய நிறம். முழுக்க ஒரே சிவப்பாக இருந்தால் ஆழமே தெரியாது. ஈரமாகத் தெரிய உள்ளே ஒரு சொட்டு கிளிசரின். பிறகு ரத்தத்தைக் காயத்தின் மேல் விளிம்பில் ஊற்றி, நடிகரை நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். அதுவாக வழிந்து போகும் பாதையை உங்கள் கையால் வரைய முடியாது.

10. கை, பல், முடி

ஜாம்பியின் கைதான் முதலில் கதவிடுக்கில் நுழையும், கழுத்தைப் பிடிக்கும். அது சோப்புப் போட்டுக் கழுவிய கையாக இருந்தால் மொத்த உழைப்பும் வீண். முகத்துக்குப் போட்ட அதே அடித்தளத்தை முழங்கைவரை கொண்டுபோங்கள். விரல் கணுக்களில் ஊதா, நகத்தைச் சுற்றியும் நகக்கண்ணிலும் பழுப்பும் கறுப்பும்.

பல்லுக்குக் கோகோவும் ஃபுட் கலரும் கலந்த தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பினால் போதும். ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும், அதனால் ஒரு பாட்டில் கையில் இருக்கட்டும்.

முடியில் ஜெல்லைத் தடவிக் கையால் கலைத்து, ஈரமாக இருக்கும்போதே பவுடரும் காபித் தூளும் தூவுங்கள். பளபளப்பு போய்விட வேண்டும். பளபளக்கும் முடி ஷாட்டில் முதலில் கண்ணில் படும்.

11. செட்டில்

மேக்கப் முடிந்த நிமிடமே ஒவ்வொருவரையும் நேராக, இடது, வலது, இரண்டு கைகள், முழு உருவம் என்று போட்டோ எடுங்கள். கையில் பெயரும் காட்சி எண்ணும் எழுதிய தாளைப் பிடிக்கச் சொல்லுங்கள். மறுநாள் அதே காட்சி தொடர்ந்தால், காயம் எந்தக் கன்னத்தில் இருந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. கலவை அளவுகளையும் குறித்து வையுங்கள்.

ரத்தம் குறைவான ஷாட்டுகளை முன்னாலும் நிறைய ரத்தம் உள்ளவற்றைப் பின்னாலும் எடுக்கும்படி வரிசை அமைந்தால் உங்கள் வேலை பாதியாகும். சேர்ப்பது ஒரு நிமிடம். துடைத்தால் அடித்தளமும் போய்விடும்.

ஒரு சின்னப் பையில் ஸ்பாஞ்ச், பவுடர், இரண்டு ரத்தப் பாட்டில்கள், லேடெக்ஸ், பஞ்சுக் குச்சி, டிஷ்யூ வைத்துக்கொண்டு மானிட்டருக்குப் பக்கத்தில் நில்லுங்கள். நேரில் பார்த்து அல்ல, மானிட்டரில் பார்த்துத் திருத்துங்கள்.

ஸ்பாஞ்சை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கொண்டுபோகாதீர்கள். கிரீமைத் தட்டிலிருந்து கரண்டியால் கொஞ்சம் எடுத்து வெளியே வைத்துக்கொண்டு பயன்படுத்தினால் மொத்தத் தட்டும் அசுத்தமாகாது. பிரஷை ஆளுக்கு ஆள் 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்து, முழுவதும் உலர்ந்த பிறகு பயன்படுத்துங்கள்.

பொது இடத்தில் படம் எடுப்பதாக இருந்தால் அக்கம்பக்கத்தாரிடமும் காவல் நிலையத்திலும் முன்பே சொல்லிவிடுங்கள். ரத்தம் வழியும் முகத்தோடு நடிகர்களைத் தனியாகத் தெருவுக்கோ பேருந்துக்கோ அனுப்பாதீர்கள். பார்க்கிறவர் விபத்து என்றே நினைப்பார்.

12. கழற்றுவது

நாள் முடிவில் எல்லோரும் களைத்திருப்பார்கள், முகத்தைப் பிய்த்துக்கொண்டு கிளம்பப் பார்ப்பார்கள். விடாதீர்கள். இதற்கென்று ஆளுக்குப் பதினைந்து நிமிடத்தைப் படப்பிடிப்பு அட்டவணையிலேயே எழுதி வையுங்கள்.

முதலில் எண்ணெய், பிறகுதான் தண்ணீர். லேடெக்ஸின் ஓரத்தில் பேபி ஆயிலை விட்டு, பஞ்சுக் குச்சியால் உள்ளே தள்ளிக்கொண்டே மெதுவாக உரியுங்கள். எண்ணெய் ரப்பரை இளக்கும், கிரீம் வண்ணத்தையும் கரைக்கும். ஜெலட்டினை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை வைத்து எடுத்துவிடலாம். எல்லாம் வந்த பிறகு சோப்பு, வெந்நீர், கடைசியில் ஏதாவது ஒரு மாய்ஸ்சரைசர். ஃபுட் கலர் தோலில் லேசாக ஒரு நாள் தங்கலாம். மறுநாள் நேர்காணலோ விசேஷமோ உள்ளவர்களிடம் இதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

உடைகளை ஈரமான பாகு ரத்தத்தோடு மூட்டை கட்டாதீர்கள். பாகு பட்ட இடத்தை மட்டும் குளிர்ந்த தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, ஒவ்வொரு ஜாம்பியின் உடையையும் அவருடைய போட்டோவோடு தனித்தனிப் பையில் வையுங்கள். எடிட்டிங் முடியும்வரை அவற்றைத் துவைக்கவோ திருப்பிக் கொடுக்கவோ வேண்டாம். ஒரு குளோஸப் விட்டுப்போயிருக்கிறது என்று இயக்குநர் கூப்பிடுவது பெரும்பாலும் அப்போதுதான்.